வீட்டுக்கு அனுப்பலாம், நாட்டை விட்டு அனுப்ப முடியாது

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கலந்துகொண்ட ஞாயிறு கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேசப் போவது அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி. பெயர் இல்ஹான் ஓமர். டிவியில் பார்த்திருப்பீர்கள், எப்போதும் தலையில் துணி கட்டியிருப்பார். அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் மினசோட்டா மாநிலத்தின் ஐந்தாவது தொகுதிக்கு அவர்தான் உறுப்பினர். மினியாபொலிஸ் நகரம் அந்தத் தொகுதிக்குள் வருகிறது. தோட்டத்துக் கூட்டத்தில் அமெரிக்க எம்.பி.யைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையில் கணக்குக் காட்டாவிட்டால் வேலை போகும் என்ற பயமும் வருகிறது, "உன் நாட்டுக்குப் போ" என்ற சத்தமும் வருகிறது. இரண்டும் எங்களுக்குப் பழகினவை.

அவர் 1982 இல் சோமாலியாவின் தலைநகரான மொகடிஷுவில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. இரண்டு வயதாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். அப்பாவும் தாத்தாவும் வளர்த்தார்கள். 1991 இல் அந்த நாட்டில் அரசாங்கம் விழுந்து, ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டபோது, குடும்பம் எல்லை தாண்டி கென்யாவுக்கு ஓடியது. நாலு வருடம் அகதி முகாமில் இருந்தார்கள். 1995 இல் அமெரிக்கா அகதிகளாக ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆங்கிலம் தெரியாது. முதலில் வாஷிங்டனுக்குப் பக்கத்திலுள்ள ஆர்லிங்டனில் இருந்துவிட்டு, 1997 இல் மினியாபொலிசுக்கு மாறினார்கள். அப்பா டாக்ஸி ஓட்டினார், பிறகு தபால் துறையில் வேலை செய்தார்.

ஏன் மினியாபொலிஸ்? அது பனி கொட்டும் ஊர். நுவரெலியாக் குளிர் அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்த மாநிலத்தில் இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை இருந்தது. அதிக ஆங்கிலம் தேவையில்லை. முதலில் போன சோமாலியர் சொந்தக்காரரைக் கூப்பிட்டார்கள். எங்கள் லயத்துப் பையன் ஒருவன் கொழும்புக் கடையில் சேர்ந்தால், அடுத்த தீபாவளிக்குள் அதே லயத்திலிருந்து நாலு பேர் அந்தக் கடையில் நிற்பார்களே, அதே மாதிரி. இப்போது அமெரிக்காவிலேயே சோமாலியர் அதிகம் வாழும் மாநிலம் மினசோட்டாதான். மினியாபொலிசில் சீடர் ரிவர்சைட் என்ற பகுதியில் உயரமான மாடிக் கட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. இல்ஹானின் அரசியல் அந்தப் பகுதியில்தான் வேர் பிடித்தது.

2000 ஆம் ஆண்டு, பதினேழு வயதில், அவர் அமெரிக்கப் பிரஜை ஆனார். வந்து ஐந்து வருடத்தில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அமெரிக்க அரசியலமைப்பின்படி பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடுபவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், ஏழு வருடம் பிரஜையாக இருந்திருக்க வேண்டும், அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். ஜனாதிபதியாக மட்டும் வர முடியாது. அதற்குப் பிறப்பிலேயே பிரஜையாக இருக்க வேண்டும். மற்றபடி வந்து சேர்ந்தவருக்கும் பிறந்தவருக்கும் ஒரே வாக்கு.

எங்கள் கதை தலைகீழ். எங்கள் பாட்டன் பூட்டன் அகதியாக வந்தவர்கள் அல்ல, வேலைக்கென்று கூட்டிவரப்பட்டவர்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேரை எங்கள் மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தார் என்று காட்டு என்றார்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாத லயத்தில் எதைக் காட்டுவது? 1952 தேர்தல் வந்தபோது எங்களில் பெரும்பாலானவர்களிடம் வாக்கு இல்லை. பிறகு 1964 இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003 வரை வந்துகொண்டே இருந்தது. இல்ஹானுக்கு ஐந்து வருடத்தில் கிடைத்ததற்கு எங்கள் ஆட்கள் ஐம்பது வருடத்துக்கு மேல் நடந்தார்கள். இதை ஏன் சொல்கிறோம் என்றால், அவருடைய கெட்டித்தனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 2000 ஆம் ஆண்டை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் கடதாசி இல்லாமல் எந்தக் கெட்டித்தனமும் ஒரு தேர்தலில் நின்றிருக்காது.

சரி, அரசியலுக்கு எப்படி வந்தார்? தாத்தாவுக்கு அரசியல் என்றால் உயிர். ஆனால் ஆங்கிலம் போதாது. அதனால் கட்சியின் வட்டாரக் கூட்டங்களுக்குப் போகும்போது பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. வங்கியில், ஆஸ்பத்திரியில், பொலிஸில் எங்கள் பிள்ளைகள் அப்பத்தாவுக்குச் சிங்களத்தில் பேசிக் கொடுப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையைத் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நாங்கள் கேட்டால், படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்கள்!

அந்த மாநிலத்தில் அவருடைய கட்சிக்குப் பெயர் ஜனநாயக விவசாயத் தொழிலாளர் கட்சி. விவசாயிகளும் தொழிலாளர்களும் நடத்திய ஒரு கட்சி 1944 இல் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்ததால் வந்த பெயர். இல்ஹான் படித்து முடித்து எடுத்த எடுப்பில் வேட்பாளர் ஆகவில்லை. பல்கலைக்கழகத்தின் வேலைத் திட்டமொன்றில் குடும்பங்களுக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்களின் தேர்தலுக்கு வேலை செய்தார். மாநகர சபை உறுப்பினர் ஒருவருக்கு உதவியாளராக இருந்தார். 2014 இல் சீடர் ரிவர்சைட்டில் நடந்த கட்சிக் கூட்டம் அடிதடியில் முடிந்து, அவருக்குத் தலையில் அடிபட்டது. வீட்டோடு இருந்துவிடவில்லை.

2016 இல் மாநில சபைக்கு நின்றார். அந்த இடத்தில் நாற்பத்து நாலு வருடமாக உறுப்பினராக இருந்தவர் பிலிஸ் கான் என்ற அம்மா. அதே கட்சி. இன்னொரு சோமாலியரும் போட்டியில் இருந்தார். மும்முனைப் போட்டி. அங்கே ஒரு கட்சியின் வேட்பாளரை அந்தத் தொகுதி மக்களே முதலில் ஒரு வாக்கெடுப்பு வைத்துத் தெரிவு செய்கிறார்கள். எங்கள் பக்கம் பட்டியல் எங்கே தயாராகிறது, யார் வீட்டு வாசலில் யார் காத்து நிற்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுவோம். கதவு கதவாகத் தட்டி, சோமாலியக் குடும்பங்களையும் பல்கலைக்கழக மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு அந்த ஓகஸ்ட் வாக்கெடுப்பில் இல்ஹான் வென்றார். அமெரிக்காவில் ஒரு சட்டசபைக்குத் தெரிவான முதல் சோமாலியர் அவர்தான்.

அடுத்தது வேகமாக நடந்தது. 2018 இல் அந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த கீத் எலிசன் மாநிலச் சட்டமா அதிபர் பதவிக்குப் போட்டியிடப் போனார். இடம் காலியானது. இல்ஹான் நின்றார், நவம்பரில் 78 சதவீத வாக்கோடு வென்றார். அவரும் மிச்சிகனின் ரஷீதா தலாய்பும்தான் காங்கிரசுக்குள் போன முதல் முஸ்லிம் பெண்கள். அந்தச் சபைக்குள் தலையில் எதுவும் அணியக் கூடாது என்று 1837 இலிருந்து ஒரு விதி இருந்தது. தொப்பி போட்ட ஆண்களுக்காகப் போட்டது. 2019 ஜனவரியில் அதைத் திருத்தி, மதத்துக்காகத் தலையை மூடுகிறவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஒரு ஆள் வாக்கு வாங்கி வாசலுக்கு வந்து நின்றதும் 181 வருட விதி இளகிவிட்டது.

இனி அந்தச் சத்தத்துக்கு வருவோம். 2019 ஜூலையில் ஜனாதிபதி ட்ரம்ப், இல்ஹானையும் இன்னும் மூன்று பெண் உறுப்பினர்களையும் மனதில் வைத்து, வந்த நாட்டுக்கே போய் அதைத் திருத்தட்டும் என்ற மாதிரி எழுதினார். நாலு பேரில் மூன்று பேர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்! பிரதிநிதிகள் சபை 240 க்கு 187 என்ற வாக்கில் அதைக் கண்டித்தது. மறுநாள் வட கரோலினாவில் ஒரு பொதுக்கூட்டம். ஜனாதிபதி மேடையில் இல்ஹானின் பெயரைச் சொன்னதும் கூட்டம் "அவளைத் திருப்பி அனுப்பு, திருப்பி அனுப்பு" என்று கோஷம் போட்டது. ஜனாதிபதி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

கள்ளத்தோணி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். பெட்டி கட்டி, தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியவர்களை வழியனுப்பியவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு நடந்ததற்கும் அவருக்கு நடந்ததற்கும் வித்தியாசம் ஒன்றுதான். அந்தக் கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அதைச் செய்வதற்கு அதன் கையில் சட்டம் இல்லை. அவர் பிரஜை. அடுத்த நாள் அவர் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது தொகுதி மக்கள் திரண்டு வந்து, வீட்டுக்கு வந்ததற்கு வரவேற்புக் கோஷம் போட்டார்கள்.

அதே மக்கள் அவரைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கவும் இல்லை. இதை நாங்கள் மறைக்கக் கூடாது. ஒருவரைப் பற்றிக் கூட்டத்தில் பேசினால் மாலை போட்டுத்தான் பேச வேண்டும் என்ற பழக்கம் எங்களிடம் கூடிப்போய்விட்டது. 2019 பெப்ரவரியில் இஸ்ரேலுக்கு ஆதரவு தேடும் அமைப்பின் பணத்தைப் பற்றி அவர் எழுதிய ஒரு வரி யூதர்களைப் பழிக்கும் பழைய பேச்சைப் போல இருக்கிறது என்று அவருடைய சொந்தக் கட்சித் தலைமையே கண்டித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் மினசோட்டாவின் தேர்தல் நிதிச் சபை, மாநிலத் தேர்தல் நிதியைப் பிரச்சாரத்துக்குச் சம்பந்தமில்லாத செலவுகளுக்குப் பாவித்தார் என்று கண்டு, ஏறக்குறைய 3,500 டொலரைத் திருப்பிக் கட்டச் சொன்னது. 500 டொலர் அபராதமும் போட்டது. பெரிய தொகை அல்ல. ஆனால் கேட்டார்கள், கட்ட வேண்டி வந்தது. எங்கள் சந்தாப் பணத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை கணக்கு வாசிக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் தலைவர்கள் எந்தச் சங்கத்தில் இருந்தாலும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

2020 மே மாதம் ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே இறந்தது அவருடைய தொகுதியில்தான். நகரப் பொலிஸ் திணைக்களத்தையே மாற்றி அமைக்க வேண்டும் என்ற பக்கம் இல்ஹான் நின்றார். 2021 இல் அதை வாக்கெடுப்புக்கு விட்டபோது நகர மக்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருடம் கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பில், பொலிஸ் விஷயத்தில் எதிர்ப்பக்கம் நின்ற டொன் சாமுவேல்ஸ் அவரோடு மோதினார். இல்ஹான் தப்பியது சுமார் 2,500 வாக்கில். காங்கிரஸ் உறுப்பினருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு கட்டமும் உண்டு. 2024 இல் சாமுவேல்ஸ் திரும்பவும் வந்தார், இந்த முறை இல்ஹானுக்கு நல்ல வித்தியாசம். அந்த நவம்பரில் நான்காவது தடவையாகத் தெரிவானார். நடுவில் 2023 பெப்ரவரியில், மறுகட்சி சபையில் பெரும்பான்மை எடுத்ததும், அவரை வெளிவிவகாரக் குழுவிலிருந்து 218 க்கு 211 என்று வாக்கெடுத்து நீக்கினார்கள். குழுவிலிருந்து எடுக்க முடிந்தது. சபையிலிருந்து எடுப்பது சீடர் ரிவர்சைட்காரர்கள் கையில். அவர்கள் நினைத்தால் 2022 இல் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நாட்டை விட்டு அனுப்பு என்று கத்தியவர்களுக்கு இல்லாத அதிகாரம் அது.

அவர் செய்த வேலைகளில் ஒன்றை ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லாமல் விட முடியாது. 2020 மார்ச்சில் கொவிட் வந்து அமெரிக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில்தான் பகல் சாப்பாடு. ஆனால் அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகள் பள்ளியில் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும் என்பது விதி. பள்ளி மூடியிருந்தால் எப்படி? விதியைத் தளர்த்தி, பெற்றோர் வந்து பொதியாக வாங்கிப்போக வழி செய்யும் ஒரு சட்டமூலத்தை இல்ஹான் கொண்டுவந்தார். அது அந்த மாதமே நிறைவேறிய பெரிய நிவாரணச் சட்டத்துக்குள் சேர்ந்தது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். எந்தப் பிள்ளை பகல் சாப்பாட்டுக்காகவே பள்ளிக்கு வருகிறது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். இங்கேயும் அதே மார்ச்சில்தான் பள்ளிகளை மூடினார்கள்.

கடைசியாக நிறுவைக் கதை. மினியாபொலிசுக்குப் பக்கத்தில் ஷாகோபி என்ற ஊர். அங்கே அமேசன் கம்பனியின் மிகப் பெரிய பண்டகசாலை ஒன்று இருக்கிறது. ஆட்கள் இணையத்தில் கேட்கும் சாமான்களை எடுத்துக் கட்டி அனுப்பும் இடம். வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் சோமாலியர். மணிக்கு இத்தனை சாமான் என்று ஒரு கணக்கு, அதை மெஷின் பார்த்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும், கழிப்பறைக்குப் போனாலும், தொழப் போனாலும் கணக்குக் குறைகிறது, குறைந்தால் எச்சரிக்கை, பிறகு வேலை போகிறது என்று தொழிலாளர்கள் முறைப்பட்டார்கள். நோன்பு காலத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது.

கொழுந்து எடுக்கும் கைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மழை பெய்தாலும், மலை காய்ந்து கொழுந்து இல்லாவிட்டாலும், துரை சொன்ன கிலோ வரவில்லை என்றால் அரைப்பேர். கிலோவை யார் எப்படித் தீர்மானித்தார், சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று தராசில் எவ்வளவு கழித்தார் என்று கேட்டால், எழுத்தில் ஒன்றும் இருக்காது.

ஷாகோபிக்காரர்கள் "அவூத்" என்ற நிலையம் ஒன்றை வைத்துச் சேர்ந்தார்கள். சோமாலி மொழியில் அதற்குச் சக்தி என்று அர்த்தம். 2018 இல் கம்பனி நிர்வாகத்தைப் பேச்சுக்கு வர வைத்தார்கள். அந்த டிசம்பர் குளிரில் பண்டகசாலைக்கு வெளியே ஆர்ப்பாட்டம் செய்தபோது, காங்கிரசுக்குத் தெரிவாகி இன்னும் சத்தியப் பிரமாணம்கூட எடுக்காத இல்ஹான் வந்து கூட நின்றார். 2019 ஜூலையில், கம்பனி மலிவு விற்பனை நடத்தும் நாளாகப் பார்த்து ஆறு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 இல் மினசோட்டா மாநில சபை பண்டகசாலைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஓகஸ்ட் முதலாம் திகதி அமுலுக்கு வந்தது. அது இல்ஹான் கொண்டுவந்த சட்டம் என்று யாரும் எழுதிக்கொண்டு போக வேண்டாம். அவர் அப்போது வாஷிங்டனில். மாநில சபையில் வேறு உறுப்பினர்கள் கொண்டுவந்தார்கள். கேட்டு வாங்கியது, அவருக்கு வாக்குப் போட்ட அதே ஆட்கள்.

அந்தச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். வேலைக் கணக்கு என்ன என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், அவருடைய சொந்த மொழியிலும் கொடுக்க வேண்டும். எழுத்தில் கொடுக்காத கணக்கைக் காட்டித் தண்டிக்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் கழிப்பறைக்கும் தொழுகைக்கும் நேரம் விடாத கணக்கு செல்லாது. கடைசி 90 நாளில் தன்னுடைய வேலை வேகத்தைப் பற்றிக் கம்பனி எழுதி வைத்திருக்கும் பதிவைத் தொழிலாளி கேட்டால் கொடுக்க வேண்டும்.

இந்த நாலையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து டிவிசன் டிவிசனாகப் பிரிந்து உட்காருவோம். உங்கள் தோட்டத்தில் கிலோ யாரால், எந்த மொழியில், எந்தக் கடதாசியில் அறிவிக்கப்படுகிறது, அரைப்பேர் போட்ட நாளுக்குப் பதிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு டிவிசனும் எழுதித் தரவேண்டும். தலைவிகள் எழுதட்டும், தலைவர்கள் பக்கத்திலிருந்து உதவி செய்யலாம். பதினெட்டு வயது ஆகியும் வாக்காளர் இடாப்பில் பெயர் வராத பிள்ளைகளின் பட்டியலையும் அதே தாளின் பின்பக்கத்தில் போடுங்கள். செவ்வாய்க்கிழமை கிராம சேவகரிடம் போகிறோம்.